43 சதவீத வாக்கு: 73 இடமா, 36 இடமா?

மக்களவைத் தேர்தலில் கட்சிகளுக்குக் கிடைக்கும் இடங்களைக் கணிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கருத்துக்கணிப்பில் வாக்கு சதவீதம் ஓரளவு சரியாக வருகிறது. இடக் கணக்குதான் உதைக்கிறது. இத்தனை சதவீதத்துக்கு இத்தனை இடம் என்று ஒரு வாய்ப்பாடு இல்லையா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. ஏன் இல்லை என்பதை உத்தரப் பிரதேசத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். 2014-ல் பா.ஜ.க. கூட்டணி அங்கே சுமார் 43 சதவீத வாக்குகளை வாங்கி 80-ல் 73 இடங்களைப் பிடித்தது. 2024-லும் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதே 43 சதவீதம்தான். இடங்களோ 36. ஆளுங்கூட்டணியின் வாக்கு மாறவே இல்லை. எதிரே நின்றவர்களின் வாக்குகள் சேர்ந்த விதம் மாறிவிட்டது. 2014-ல் சமாஜ்வாதி 22 சதவீதம், பகுஜன் சமாஜ் ஏறத்தாழ 20, காங்கிரஸ் 7-க்குச் சற்று மேல் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தது. 2024-ல் சமாஜ்வாதியும் காங்கிரஸும் ஒரே அணியில் நின்று 43 சதவீதத்தைத் தொட்டன. பகுஜன் சமாஜ் 9-க்குச் சரிந்தது.

இதை அளக்க தேர்தல் ஆய்வாளர்களான டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் மூவரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு இன்றும் உதவுகிறது. முதலிடத்தில் இருக்கும் அணியை விட்டுவிட்டு, மற்ற எல்லோருடைய வாக்கையும் கூட்டுங்கள். அதில் மிகப் பெரிய ஒற்றை எதிரணியின் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உ.பி.யில் 2014-ல் அது சுமார் 40. 2024-ல், ஆளுங்கூட்டணியை முதல் அணியாக வைத்துப் பார்த்தால், சுமார் 77.

குறியீடு உயர்ந்தாலே ஆட்டம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2019-ல் சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ், ராஷ்ட்ரீய லோக் தளம் மூன்றும் சேர்ந்து நின்றபோதும் குறியீடு ஏறத்தாழ 80 இருந்தது. ஆனால் பா.ஜ.க. தனியாகவே கிட்டத்தட்ட 50 சதவீதம் வாங்கியது. 62 இடங்கள் அதற்குத்தான். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: முதல் அணியின் வாக்கு, எதிரணி வாக்குகள் எவ்வளவு ஒன்று திரண்டிருக்கின்றன என்பது. ஒன்றை மட்டும் வைத்துத் தொலைக்காட்சியில் இடம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

சிதறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2014-ல் அ.தி.மு.க. 44 சதவீதத்துக்கு 39-ல் 37 இடங்கள். தி.மு.க.வுக்குச் சுமார் 24 சதவீதம். ஒரு இடம்கூட இல்லை. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் நாடு முழுக்க 4 சதவீதத்துக்கு மேல் வாங்கி, வாக்கு அளவில் மூன்றாவது பெரிய கட்சியாக இருந்தும் ஓர் உறுப்பினரைக்கூட மக்களவைக்கு அனுப்ப முடியவில்லை.

கேள்வி: கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் நானே எக்செல்லில் கணித்துப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஒரு தொகுதிக்கு ஒரு வரிசை. பத்திகளில் கடந்த மக்களவைத் தேர்தலில் ஒவ்வோர் அணியும் வாங்கிய வாக்கு சதவீதம். இந்த விவரம் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கிறது. கட்சிவாரியாகவும் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அடுத்த தேர்தலுக்குள் யாராவது அணி மாறியிருப்பார்கள்.

அணி மாறிய கட்சியின் வாக்கை அப்படியே பெயர்த்து இன்னோர் அணியில் போடுவதுதான் பலரும் செய்வது. இடங்கள் பெரும்பாலும் தவறுவதும் அங்கேதான். 2024 விருதுநகரை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் 4,379 வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க. அணியில் நின்ற தே.மு.தி.க.வை வென்றது. மூன்றாம் இடத்தில் பா.ஜ.க.வுக்கு 1,66,000-க்கும் மேல். அ.தி.மு.க. அணியும் பா.ஜ.க. அணியும் சேர்ந்திருந்தால் என்று கேட்டால், அந்த 1,66,000-ல் நிகரமாக 3 சதவீதம் வந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். ஆனால் வித்தியாசம் 2 லட்சம் இருக்கும் தொகுதியில் முழு வாக்கும் வந்தால்கூடப் போதாது. தவிர, கூட்டணி பிடிக்காதவர் வீட்டிலேயே இருந்துவிடுவார், அல்லது எதிரணிக்கே போட்டுவிடுவார். அதனால் வாக்கு மாற்றத்துக்கு என்று எக்செல்லில் ஒரு தனி அறை (செல்) வைத்து, அதில் 100 சதவீதம் என்றும் 80 என்றும் 60 என்றும் மூன்று முறை போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அணி வெல்லும் தொகுதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் தொகுதிகளைத் தனியே எழுதிவைத்து, உள்ளூர் விவரம் தேடுங்கள்.

அடுத்தது அலை. மாநில அளவிலான கருத்துக்கணிப்பு ஓர் அணி 40-லிருந்து 36-க்கு இறங்கியதாகச் சொல்கிறது என்று வையுங்கள். எல்லாத் தொகுதியிலும் 4 புள்ளி கழிப்பது ஒரு முறை. எல்லாத் தொகுதியிலும் பத்தில் ஒரு பங்கு கழிப்பது இன்னொரு முறை. முன்பு 55 வாங்கிய தொகுதியில் முதல் முறை 51 தரும், இரண்டாவது 49.5. முன்பு 20 வாங்கிய இடத்தில் 16-ம் 18-ம். பெரிய அணிகளுக்கு முதல் முறையே பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. சிறு கட்சிகளுக்கு இரண்டாவதுதான். இல்லையென்றால் 3 சதவீதம் வாங்கிய இடத்தில் 4-ஐக் கழித்து மைனஸ் ஒன்று என்று வந்து நிற்கும். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் கடைசியில் ஒவ்வொரு வரிசையும் 100-க்கு வருமாறு சரிசெய்ய மறக்காதீர்கள்.

கொங்கு, வடக்கு, டெல்டா, தெற்கு, சென்னை வட்டாரம் என்று பிரித்துத் தனித்தனி அலை போட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் வட்டாரத்துக்கு 500 பேரையாவது கேட்ட கணிப்பு கையில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். எந்த அலைக்கும் அடங்காத தொகுதிகளும் இருக்கும். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்று இரண்டாமிடம் வந்தார். அந்த வாக்கு எந்தக் கட்சியின் கணக்கிலும் இல்லை. அதை அடுத்த தேர்தலுக்கு யார் பத்தியில் எழுதுவது என்பதைக் கணினி சொல்லாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: அதெல்லாம் செய்து பார்த்தேன். முன்னிலையில் இருக்கும் தொகுதிகளை எண்ணினால் ஒரு கட்சிக்கு 20 வருகிறது. உண்மையில் கிடைத்தது 12. எங்கே தப்பு? (வாசகர், புதுச்சேரி)

பதில்: முன்னிலைகளை எண்ணியதில்தான் தப்பு. 1.5 புள்ளி முன்னிலையும் 25 புள்ளி முன்னிலையும் உங்கள் எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கின்றன. ஒவ்வொரு முன்னிலையையும் முதலில் வெற்றி வாய்ப்பாக மாற்ற வேண்டும்.

உங்கள் முறை வழக்கமாக எவ்வளவு தவறுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். 2019 முடிவை அடிப்படையாக வைத்து, 2024-ல் மாநிலத்தில் உண்மையிலேயே நடந்த மாற்றத்தை அதன்மேல் போட்டு, தொகுதிவாரியாக வந்த முன்னிலையை உண்மையான முன்னிலையோடு ஒப்பிடுங்கள். அந்த வேறுபாடுகளின் திட்ட விலக்கம்தான் (அவை சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) உங்கள் உள்ளூர்ப் பிழை. அது 4.5 புள்ளி என்று கொள்வோம். மாநிலக் கணிப்பே தவறுவதற்கு இன்னொரு 4 புள்ளி. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 6. இப்போது 4 புள்ளி முன்னிலையை 6-ஆல் வகுங்கள்: 0.67. எக்செல்லின் நார்ம்.எஸ்.டிஸ்ட் சூத்திரத்தில் போட்டால் வெற்றி வாய்ப்பு சுமார் 75 சதவீதம். 1.5 புள்ளி முன்னிலைக்கு 60 சதவீதம்தான். 39 வாய்ப்புகளையும் கூட்டினால் வருவதே எதிர்பார்க்கும் இடங்கள். உங்கள் 20 முன்னிலைகளும் 1.5 புள்ளி அளவிலேயே இருந்திருந்தால் எதிர்பார்க்க வேண்டியது 12. வந்ததும் அதுவே.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த 20 தொகுதிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தவறும் என்றால், பத்தில் எட்டு தடவைக்கு மேல் 9 முதல் 15 வரை வரும். ஆனால் அப்படி நடப்பதில்லை. மாநிலக் கணிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 20 தொகுதியும் ஒன்றாகவே அந்தப் பக்கம் சாயும். மேலே சொன்ன 4 புள்ளிப் பொதுப் பிழையைச் சேர்த்தால் வீச்சு ஏறத்தாழ 4 முதல் 18 வரை விரிகிறது. ஒரே சராசரி, ஆனால் முற்றிலும் வேறான கணிப்பு! செய்வது சுலபம்: ஒரு தடவைக்கு ஒரே ஓர் எதேச்சை எண்ணை எடுத்து 39 வரிசைக்கும் கூட்டுங்கள், பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக இன்னோர் எண். யார் வென்றார்கள் என்று எண்ணுங்கள். இதை ஆயிரம் தடவை ஓட்டி, கீழிருந்து 100-ஆவது முடிவையும் 900-ஆவது முடிவையும் எல்லைகளாகச் சொல்லுங்கள். சூத்திரம் எழுதும்போது பொதுப் பிழைக்கான அறையை டாலர் குறி போட்டு நிலைநிறுத்தாவிட்டால், கீழே இழுக்கும்போது ஒவ்வொரு வரிசையும் வேறு அறையைப் பிடித்துக்கொள்ளும். வீச்சு சந்தேகப்படும் அளவுக்குக் குறுகலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி: 2024-ல் எல்லா எக்ஸிட் போலும் ஒரே மாதிரி தவறியது எப்படி? லட்சக்கணக்கானவர்களைக் கேட்டதாகச் சொன்னார்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஜூன் 1 மாலை வெளிவந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, சில 400-ஐத் தொட்டன. ஜூன் 4-ல் வந்தது 293. பா.ஜ.க. மட்டும் 240, பெரும்பான்மைக்குத் தேவையான 272-க்கும் கீழே. இது ஒருமுறை நிகழ்ந்த விபத்தல்ல. 2004-ல் அதே கூட்டணிக்கு 230-க்கு மேல் என்று சொல்லப்பட்டது. கிடைத்தது 190-ஐக்கூட எட்டவில்லை. 2014-ல் எதிர்த்திசை: 336 வரும் என்று பெரும்பாலான கணிப்புகள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணிப்புகள் சேர்ந்தே ஒரு பக்கம் சாய்ந்தன. பத்துக் கணிப்புகளின் சராசரி எடுத்தால் பிழை குறைந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே கைகொடுக்காது.

மாதிரியின் அளவு எதேச்சைப் பிழையை மட்டுமே குறைக்கும். 1,067 பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஒரு கட்சியின் வாக்கு, நூற்றுக்கு 95 தடவை, கூடவோ குறையவோ 3 புள்ளிக்குள் இருக்கும். ஆனால் இடம் முடிவாவது இரண்டு கட்சிகளின் வித்தியாசத்தில். ஒரு தொகுதியில் 400 பேரைக் கேட்டு 40-க்கு 36 என்று வந்தால், அந்த 4 புள்ளி முன்னிலையின் பிழை வரம்பு 8.5 புள்ளி. அது முன்னிலையே அல்ல என்றும் சொல்லலாம். போதாததற்கு, 400 பேரையும் பத்தே பூத்துகளில் கேட்டிருப்பார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி வாக்களிக்கும் ஊரில் 400 என்பது 200-க்குச் சமமாகிவிடும்.

களத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாக்குச்சாவடியை விட்டு வெளியே வருபவர்களில், உதாரணமாக, பத்தில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது விதி. வெயிலில் நிற்கும் இளைஞர் பத்தாவதாக வருபவரை விட்டுவிட்டு, நின்று பேசுபவரைப் பிடிப்பார். பெண்கள் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆளுங்கட்சிக்கு எதிராகப் போட்டவர், குறிப்பாக ஏழைகளும் சிறுபான்மையினரும் பட்டியல் சமூகத்தினரும், முன்பின் தெரியாதவரிடம் வாய் திறக்கத் தயங்குவார்கள். பெட்டியில் மாதிரிச் சீட்டைப் போடச் சொன்னால் தயக்கம் குறையும். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்டால் கூடும். பிறகு இதைச் சரிசெய்ய, போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு எடையிடுவார்கள், அதாவது சிலருடைய பதிலைக் கூட்டியும் சிலருடையதைக் குறைத்தும் கணக்கில் எடுப்பார்கள். போன தடவை தோற்றவருக்குப் போட்டவர்களில் சிலர் வென்றவருக்குப் போட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பதிலை அப்படியே நம்பி எடையிட்டால் ஒரு சாய்வைத் திருத்தப்போய் இன்னொன்றை உள்ளே விட்டதாகும்.

2024-ல் தேசியக் கணக்கைக் கவிழ்த்ததில் உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் மூன்றுக்கும் பெரும்பங்கு. மேற்கு வங்கத்தில் பா.ஜ.க. முந்தும் என்று பல கணிப்புகள் சொன்ன இடத்தில் 42-ல் திரிணாமூல் 29, பா.ஜ.க. 12. மத்தியப் பிரதேசத்தில் 29-க்கு 29 பா.ஜ.க.வுக்கு என்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. நெருக்கமான போட்டி நடக்கும் பெரிய மாநிலங்களில் ஒரு கணிப்பு எப்படிச் செயல்பட்டது என்பதை வைத்துத்தான் அதன் தரத்தை எடைபோட வேண்டும். தேசிய மொத்தம் தற்செயலாகவும் ஒத்துப்போகும். ஒரு மாநிலப் பிழையை இன்னொரு மாநிலத்தின் எதிர்ப் பிழை மறைத்துவிடும்.

கேள்வி: சட்டமன்ற முடிவை ஆறு ஆறாகக் கூட்டினால் மக்களவைத் தொகுதி வந்துவிடுமே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தமிழ்நாட்டில் 234-ஐ 39-ஆல் வகுத்தால் ஆறு, கூட்டுவது எளிது. வாக்காளர் மனம் அப்படிக் கூடாது. ராஜஸ்தானில் 2018 டிசம்பரில் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மே மாதம் 25 மக்களவை இடங்களும் பா.ஜ.க. கூட்டணிக்கு. டெல்லியில் 2019-ல் ஏழுக்கு ஏழு பா.ஜ.க.; 2020 சட்டமன்றத்தில் 70-ல் 62 ஆம் ஆத்மி. தமிழ்நாட்டில் இந்த இடைவெளி குறைவு என்பதால், சட்டமன்றக் கணக்கைச் சாதி, வட்டார பலத்தை அறியப் பயன்படுத்தலாம். மாநில அளவிலான வாக்கு சதவீதத்தைப் புதுக் கணிப்பிலிருந்தே எடுங்கள். அசாமில் 2023-ல் தொகுதி எல்லைகளே மாற்றப்பட்டன. அங்கே பழைய தொகுதி முடிவுகளை அப்படியே தூக்கி வைக்க முடியாது. படிவம் 20-ல் உள்ள பூத்வாரி வாக்குகளைப் புது எல்லைக்குள் மறுபடி கூட்ட வேண்டும்.

கேள்வி: எண்ணிக்கை நாளில் காலை 10 மணி முன்னிலையை வைத்து முடிவைச் சொல்ல முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: எத்தனை வாக்கு முன்னிலை என்பதைவிட எந்தப் பூத்துகள் எண்ணப்பட்டன என்பதைக் கேளுங்கள். எட்டு மணிக்குத் தபால் வாக்கு, எட்டரைக்கு இயந்திரங்கள். வழக்கமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசைகள். ஒரு சுற்றில் 14 பூத். 280 பூத் உள்ள தொகுதியில் 20 சுற்று. பூத்துகள் எண் வரிசையில் வருவதால் முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஒரே மூலையிலிருந்து வருபவை. அந்த மூலை ஒருவருடைய கோட்டையாக இருந்தால் அவர் முந்துவதில் செய்தியே இல்லை.

சரியான முறை, அதே பூத்துகளின் பழைய வாக்கோடு ஒப்பிடுவது. முந்தைய தேர்தலின் படிவம் 20-ஐ முதல் நாளே எடுத்து வையுங்கள். முதல் ஐந்து சுற்றில் ஓர் அணி பழையதைவிட 5 புள்ளி கூடுதலாக வாங்கியிருந்தால், மீதிப் பூத்துகளிலும் அந்த 5-ஐக் கூட்டிப் பாருங்கள். பூத் எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். எண்ணை நம்பாமல் பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். தபால் வாக்குகளைத் தனியே வைத்து, கடைசியில் சேருங்கள். 2024-ல் மும்பை வடமேற்கு 48 வாக்கில் முடிவானது. அந்த மாதிரி இடத்தில் கடைசிச் சுற்று முடியும்வரை யாரும் எதையும் சொல்லக் கூடாது.

கேள்வி: இலங்கையில் விகிதாசார முறைதானே. அங்கே வாக்கு வீதத்திலிருந்து ஆசனத்தை நேரடியாகக் கணித்துவிடலாமா? (வாசகர், வவுனியா)

பதில்: நாட்டு மட்டத்தில் எடுத்தால் முடியாது. 225 ஆசனங்களில் 196 மாவட்டவாரியாகவும் 29 தேசியப் பட்டியலிலும் நிரப்பப்படுகின்றன. மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கில் 5 வீதத்துக்குக் கீழ் வாங்கியவர்களை முதலில் நீக்குகிறார்கள். முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி வாக்குகளை மீதி ஆசனங்களால் வகுத்தால் ஒரு ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு கிடைக்கும். முழு மடங்குக்கு ஆசனம் கொடுத்தபின், எஞ்சிய ஆசனங்கள் அதிக மீதி வைத்திருப்பவர்களுக்குப் போகும்.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனங்கள். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, அகில இலங்கைத் தமிழ் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17-க்கு 27,855. ஒரு ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000. முதல் இரண்டு கட்சிகளுக்கும் முழு மடங்காக ஒவ்வொன்று. தேசிய மக்கள் சக்தியின் மீதி சுமார் 32,800, தமிழரசின் மீதி சுமார் 15,300. எஞ்சிய மூன்று ஆசனங்களில் ஒன்று தேசிய மக்கள் சக்திக்கே, மற்ற இரண்டும் தமிழ் காங்கிரஸுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும். போனஸோடு சேர்த்து, தேசிய மக்கள் சக்திக்குக் கால் பங்கு வாக்குக்கு ஆசனங்களில் பாதி. 63,327 வாங்கிய தமிழரசுக்கும் ஒன்று, 27,855 வாங்கிய குழுவுக்கும் ஒன்று! தமிழ்க் கட்சிகள் பல அணிகளாகப் பிரிந்து நின்றதன் விலை இந்தக் கணக்கில் அப்படியே தெரிகிறது. நாட்டு மட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 61.56 வீத வாக்குக்கு 159 ஆசனங்கள் பெற்றது.

ஆகவே 22 மாவட்டங்களுக்கும் தனித்தனி வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களைக் கவனியுங்கள்: 5 வீதக் கோட்டின் இருபுறமும் நிற்பவர்கள், போனஸுக்காக முதலிடத்தில் போட்டியிடும் இருவர், கடைசி மீதி ஆசனத்துக்கு நெருங்கி நிற்பவர்கள். சிறிய மாவட்டத்தில் சில நூறு வாக்கே கடைசி ஆசனத்தைப் புரட்டிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிற்றிதழில் எங்கள் கணிப்பை வெளியிடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வாக்களித்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்பு என்றால், முதற்கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எடுக்கவும் கூடாது, வெளியிடவும் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஏ பிரிவு அச்சு, மின்னணு ஊடகங்களோடு நிற்காமல் வேறு எந்த வழியில் பரப்புவதையும் தடுக்கிறது. வாட்ஸ்அப்பும் அதில் அடங்கும். இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முதற்கட்டத்திலேயே முடிந்துவிட்டாலும், கடைசி மாநிலம் வாக்களித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எக்செல் கோப்பைத் தேதியோடு சேமித்து வையுங்கள். வெளியிடும்போது ஒற்றை எண்ணைப் போடாமல் கீழ் எல்லை, மேல் எல்லை, கேட்டவர்களின் எண்ணிக்கை, பூத்துகளின் எண்ணிக்கை, எடையிட்ட விதம் ஐந்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.